முட்டுக்கட்டையின் பெருமை

உபாத்தியாயர் தொழிலில் ஒரு பெரிய அபாயம் உண்டு. இருபது வருஷம் கரும்பலகையின் முன்னால் நின்றவருக்கு, "எனக்குத் தெரியாது" என்ற சொல் நாக்கில் வருவதேயில்லை. கேள்வி எதுவாயினும் பதில் தானாக வந்து விடுகிறது. அது சரியான பதில்தானா என்பது வேறு விஷயம்.

கடலூரில் நாம் பாடம் நடத்தும் வகுப்பிலே ஒரு நாள் ஆகாய விமானத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இறக்கையைப் பற்றியும், வாலைப் பற்றியும், அவை காற்றிலே செய்யும் ஜாலங்களைப் பற்றியும் வெகு உற்சாகமாகச் சொல்லிக் கொண்டிருந்தோம். துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். "ஸார், ஆகாயத்தில் திரும்புவது சரி. தரையில் ஓடும்போது விமானம் எப்படித் திரும்புகிறது?" என்று கேட்டான்.

"இதென்ன பிரமாதம்? மோட்டார் வண்டியைப் போலத்தான். எஞ்சின் சக்கரத்தை உருட்டுகிறது. விமானி முன்சக்கரத்தைத் திருப்புகிறார்" என்றோம். மணி அடித்தது. பிழைத்தோம்.

ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. புத்தகங்களை எடுத்துப் புரட்டினோம். நாம் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவது முழுப் பொய். இரண்டாவது பாதி உண்மை என்று தெரிய வந்தது!

விமானத்தின் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. சக்கரங்கள் கட்டை வண்டிச் சக்கரங்களைப் போல் சும்மா உருளுகின்றவையே. முன்னால் சுழலும் விசிறியோ, ஜெட் எஞ்சினோ காற்றைப் பின்னே தள்ளுகிறது. அந்த வேகத்தில் விமானம் முன்னே நகருகிறது. ரைட் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டில் பறந்த விமானத்துக்குச் சக்கரமே இல்லை. ஒரு தண்டவாளத்தின் மேல் ஓடித்தான் அது கிளம்பிற்று. இன்று மீனம்பாக்கத்தில் பிரயாணிகளை ஏற்றிக் கொண்ட விமானத்தை ஓர் இழுவை வண்டி பின்னோக்கித் தள்ளிச் செல்வதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அவ்வளவு பெரிய யந்திரத்துக்குப் பின்னால் நகரப் பிறர் உதவி வேண்டியிருக்கிறது!

மறுநாள் வகுப்பில், "நேற்று நாம் சொன்னது தவறு" என்று ஆரம்பித்தோம். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிறகு அந்த மாணவனையே அழைத்து, "தம்பி, உங்கள் வீட்டுப் படகு எப்படித் திரும்பும்?" என்று கேட்டோம்.

"சுக்கானால், ஸார்."

"படகு அசையாமல் நிற்கும்போது சுக்கானைத் திருப்பினால்?"

அவன் சிரித்தான். "ஒன்றும் ஆகாது, ஸார். தண்ணீர் அதன்மேல் ஓட வேண்டும்."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. விமானத்தின் வாலிலும் ஒரு சுக்கான் இருக்கிறது. அதன்மேல் காற்று ஓட வேண்டும். நம் நாட்டில் எத்தனையோ விமானிகள் பழகிய 'டைகர் மாத்' என்ற சிறு விமானத்தில், ஆதியில் பிரேக்கும் கிடையாது. வாலின் கீழே சக்கரமும் கிடையாது, தரையில் உராயும் ஒரு கட்டைதான். திரும்ப வேண்டுமானால் விமானி காலால் ஒரு பக்கத்து மிதியை அழுத்திச் சுக்கானைச் சாய்ப்பார். அதே சமயம் எஞ்சினுக்கு ஒரு முடுக்குக் கொடுப்பார். முன்னால் சுழலும் விசிறியின் காற்று சுக்கானில் மோதும், வால் ஒதுங்கும். முடுக்கு அதிகமானால் விமானம் ஓட்டம் பிடித்து விடும்; நிறுத்தப் பிரேக் இல்லை! மேலும், தூக்கிய மூக்கு எதிரே இருப்பதை மறைக்கும். ஆகையால் பாம்பைப் போல் வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக் கொண்டே செல்ல வேண்டும்.

இரண்டு எஞ்சின் உள்ள விமானத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. வலப்புறம் திரும்ப விரும்பும் வண்டிக்காரன் என்ன செய்கிறான்? வலத்து மாட்டை இழுத்துப் பிடித்து, இடத்து மாட்டை முடுக்குகிறான். டகோடா விமானத்தின் விமானியும் அதையே செய்தார்: இடப்பக்கத்து எஞ்சினுக்கு வேகம் கூட்டினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். மாட்டு வண்டிக்கும் விமானத்துக்கும் நம் தேசத்தில் பழைய உறவு உண்டு. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்தபோது, வழியில் ஆமதாபாத்தில் அவருடைய விமானத்துக்குப் பெட்ரோல் வந்து சேர்ந்தது மாட்டு வண்டியில்தான்!

ஆனால் தரையில் திரும்பும் வித்தையின் உயிர்நிலையை நாம் கண்டது சிதம்பரத்திலே. அந்த மார்கழியில் பிள்ளைகளை ரயிலேற்றித் தேர் பார்க்க அழைத்துச் சென்றோம். கீழவீதியிலிருந்து ஐந்து தேர்கள் புறப்பட்டன. நடராஜப் பெருமானின் தேர் தெற்கு வீதியின் முனைக்கு வந்து நின்றது. வடம் பிடிக்கப் பெருங்கூட்டம் இருந்தது. எனினும், அந்த மலை போன்ற தேரை வலப்புறம் திருப்பியவர்கள் அக்கூட்டத்தார் அல்லர். சக்கரத்தினருகே முட்டுக்கட்டையுடன் குனிந்து நின்ற சில பேர். வலப்பக்கத்துச் சக்கரத்தின் முன்னே கட்டையைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் தயங்கிற்று. இடப்பக்கம் வீசிக் கொண்டு வந்தது. தேரின் முகம் திரும்பிற்று. உடனே கட்டையை உருவிக் கொண்டார்கள்.

"ஸார், இதுதான் பிரேக்!" என்று நமது மாணவன் கூவினான்.

ஆம், அதுவேதான். விமானியின் இரு மிதிகளுக்கும் மேல் நுனியில் பிரேக் இருக்கிறது. இடது கால் விரல்களால் அழுத்தினால் இடச் சக்கரம் பிடிபடும். வலது காலால் அழுத்தினால் வலச் சக்கரம். பயிற்சிக்குப் பேர்போன 'செஸ்னா' விமானத்தில் மிதியைத் தள்ளினால் மூக்குச் சக்கரம் கொஞ்சம் திரும்பும். அதற்குமேல் குறுகத் திரும்ப ஒரு பக்கத்துப் பிரேக்கைத்தான் நாட வேண்டும். இங்கும் அளவு முக்கியம். ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்து அதையே அச்சாக வைத்துச் சுழன்றால், டயர் தேய்ந்து போகும், காலும் முறுக்கேறும்.

பெரிய விமானங்களில் விமானியின் பக்கத்தில் கைக்கு அடக்கமான ஒரு சிறு திருப்பி இருக்கிறது. அதன் பெயர் 'டில்லர்'. படகின் சுக்கான் பிடிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர்தான். 'ஏர்பஸ் ஏ320' விமானத்தில் இந்தத் திருப்பியால் மூக்குச் சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் 75 பாகை வரையில் திருப்பலாம். கால் மிதியால் 6 பாகைதான். ஏன் இந்தப் பேதம்? மெதுவாக ஊரும்போது பெரிய திருப்பம் வேண்டும். ஓடுபாதையில் விரையும்போது பெரிய திருப்பம் யமனாகும். கூர்மையான வளைவுகளில் மணிக்குச் சுமார் 18 கிலோ மீட்டருக்கு மேல் போவதில்லை. 'போயிங் 747' போன்ற ராட்சத விமானத்தில் விமானி மூக்குச் சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மஞ்சள் கோடு வளையும் இடத்தில் உடனே திருப்பினால் பின்சக்கரங்கள் புல்தரையில் இறங்கி விடும். ஆகவே கோட்டைத் தாண்டிச் சென்று அப்புறம் திருப்புகிறார். அதன் உடலடிச் சக்கரங்களில் எட்டும் எதிர்த் திசையில் சற்றே திரும்பி உதவுகின்றன.

இதெல்லாம் வெறும் வேடிக்கை அல்ல. 1977 மார்ச் 27-ஆம் தேதி டெனெரிஃப் தீவில், ஓடுபாதையிலே ஊர்ந்து கொண்டிருந்த ஒரு 747 விமானத்தை மூன்றாவது கிளைப்பாதையில் திரும்பச் சொன்னார்கள். மூடுபனியில் அது அத்திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதே பாதையின் கோடியிலிருந்து இன்னொரு 747 அனுமதி பெறாமலே புறப்பட்டு விட்டது. 583 உயிர்கள் போயின. அனுமதிக்குக் காத்திராத அவசரமே முதற்பிழை. என்றாலும், தரையில் ஒரு திருப்பம் எவ்வளவு விலை பெறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நமது பேச்சு வழக்கில், நல்ல காரியத்தைத் தடுப்பவனை "முட்டுக்கட்டை போடுகிறான்" என்று வைகிறோம். சிதம்பரத்துத் தேரைப் பார்த்த பின் அப்படி வைய மனம் வரவில்லை. வடம் பிடிப்பவர்கள் தேரை ஓட்டுகிறார்கள். முட்டுக்கட்டைக்காரர்தான் அதை நிலைக்குக் கொண்டு சேர்க்கிறார்.

தறிகெட்டு ஓடிய நமது நாவுக்கும் அன்று ஒரு சிறுவன் சமயத்தில் கட்டை கொடுத்தான். இப்போதெல்லாம் வகுப்பில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியாது, நாளை பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லப் பழகி வருகிறோம்.