ஓடும் சில்லுக்கு முள்

ஆணி ஏறினால் டயர் உடனே இறங்கிவிடும் என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். வாகரையில் மட்டக்களப்பு–திருகோணமலை வீதியோரம் டயர் கடை வைத்திருக்கிறேன். அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். டியூப் போட்ட டயரென்றால் சீக்கிரம் இறங்கும். டியூப்லெஸ் டயரில் ஏறிய ஆணி, தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்கும். "அண்ணன், காத்து கொஞ்சம் குறையிற மாதிரி இரிக்கி, ஒருக்காப் பாருங்க" என்று வாழைச்சேனையிலிருந்து ஓடி வந்து நிற்கிறவர்களின் டயரில் முழு ஆணியே கிடக்கும். பிடுங்கினால்தான் சீறும்.

பல நாடுகளில் பொலிசார் தப்பியோடும் வாகனத்தை நிறுத்த வீதியில் விரிக்கிற முள்பட்டியின் சூட்சுமம் இதற்குள்தான் இருக்கிறது. அதிலுள்ள முள் வெறும் ஆணி அல்ல. நடுவில் துளை விட்ட குழாய். வாகனம் ஏறியதும் முள் பட்டியிலிருந்து கழன்று டயருக்குள் தங்கிவிடும். துளை வழியே காற்று ஒரே சீராக வெளியேறும். சாதாரணக் காரின் டயர் இறங்க ஏறக்குறைய 20 முதல் 30 விநாடி பிடிக்கும். அவ்வளவு நேரம் வேண்டுமென்றேதான் கொடுக்கிறார்கள். ஓட்டத்தில் முன்சில்லு ஒன்று படாரென்று வெடித்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கமே இழுக்கும். அந்த இழுவையில் வாகனம் எங்கே போய் மோதும் என்று யாராலும் சொல்ல முடியாது. மெல்ல இறங்கினால் ஓட்டுகிறவனுக்குக் கட்டுப்பாடு இருக்கும், ஆனால் ஓட முடியாது.

யோசனை பழையது. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கிற இரும்பு முள்ளைக் குதிரைப்படைக்கு எதிராக ரோமர் காலத்திலேயே நிலத்தில் இறைத்திருக்கிறார்கள். நமது வளவுகளில் கிடக்கிற நெருஞ்சிக் காயை இரும்பில் செய்தது போல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுப் பிரிவான ஓ.எஸ்.எஸ். அதே முள்ளைத் துளையுள்ள குழாயில் செய்தது. ஓட்டை விழுந்தால் தானாக மூடிக்கொள்கிற டயர்கள் அப்போது வந்துவிட்டன. அவற்றைச் சாதாரண ஆணியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைய பொலிஸ் முள்ளுக்கும் அதே வேலைதான்.

இங்கே நமக்குப் பழகியது வேறு. "பொலிசாரின் கட்டளையை மீறிச் சென்ற வாகனத்தின் மீது துப்பாக்கிச் சூடு" என்ற தலைப்பைப் பத்திரிகையில் பார்க்காதவர் இல்லை. பெரும்பாலும் மணல் டிப்பர், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள். "டயரை நோக்கித்தான் சுட்டோம்" என்று அடுத்த வரி இருக்கும்.

டயருக்குச் சூடு வைப்பதைப் பற்றி டயர்க்காரன் சொல்லத்தானே வேண்டும். டிப்பருக்குப் பின்பக்கம் இரட்டைச் சில்லு. ஒன்று போனால் பக்கத்துச் சில்லு சுமந்துகொண்டு ஓடும். 3 கியூப் மணல் என்றால் 12 தொன்னுக்கு மேல். அதைத் தாங்குகிற டயரில் 100 இறாத்தலுக்குக் குறையாமல் காற்று அடித்திருக்கும். 7.62 மில்லிமீற்றர் சன்னம் அதில் சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஓட்டையைத்தான் போடும். டிப்பர் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். சன்னம் தாரிலோ றிம்மிலோ பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சுட்டவருக்கும் தெரியாது. இருட்டில், ஓடுகிற வாகனத்தில், நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில் சுழலும் கறுப்புச் சில்லைக் குறிபார்ப்பதும் லேசான காரியமில்லை. கை ஓரங்குலம் உயர்ந்தால் சன்னம் ஆளில் படும்.

2016 ஒக்டோபர் 20 இரவு யாழ்ப்பாணம் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தார்கள். விபத்து என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகு ஒருவருடைய உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பது வெளிப்பட்டது. மறித்தும் நிற்கவில்லை, அதனால் சுட்டோம் என்பது பொலிஸ் தரப்பின் கதை. ஐந்து பொலிசார் கைதானார்கள், பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். வடக்கும் கிழக்கும் கொதித்தது. நிற்காமல் போனதற்கு எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தாலன்றி துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்று 1990இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள் சொல்கின்றன.

அப்படியானால் அந்தச் சந்தியில் முள்பட்டி விரித்திருந்தால் பிள்ளைகள் பிழைத்திருப்பார்களா? இல்லை. முள்பட்டி நாலு சில்லும் அதற்கு மேலும் உள்ள வாகனத்துக்குரியது. பிரித்தானியாவானாலும் அமெரிக்காவானாலும், இரண்டு சில்லு வாகனத்துக்கு விரிக்காதே என்பதுதான் பயிற்சியில் சொல்லப்படுகிற விதி. முன்சில்லில் காற்றுப் போன மோட்டார் சைக்கிள் நிற்பதில்லை, விழும். வாகரையில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும்தான். ஆகவே கொழும்பில் யாராவது பெட்டி பெட்டியாக முள்பட்டி இறக்குமதி செய்து எல்லாச் சோதனைச் சாவடிக்கும் பங்கிட்டால் நான் முதலில் பயப்படுவேன்.

டிப்பருக்கே என்றாலும் இடம் பார்க்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு விநாடிக்கு 22 மீற்றர் போகும். காரைப் போல 20 விநாடியில் காற்று இறங்கினாலும் அதற்குள் 400 மீற்றருக்கு மேல் தாண்டியிருக்கும். அந்த 400 மீற்றரில் என்ன இருக்கிறது? பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட விரித்தால் டிப்பர் வாவிக்குள் இறங்கும். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நினைக்கவே வேண்டாம். இரவில் எங்கள் பக்கத்து மாடுகள் சூடு ஆறாத தார் வீதியில்தான் படுக்கும், எந்தப் பொலிஸ் சொல்லியும் எழும்பாது.

விரிக்கிறவருடைய உயிரும் இதில் இருக்கிறது. பட்டியை எறிந்துவிட்டு, குறித்த வாகனம் ஏறியதும் கயிற்றால் சுண்டி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் துரத்தி வருகிற பொலிஸ் ஜீப்பே ஏறிவிடும். அதற்காக வீதியோரம் நிற்கிறவர்மீது ஓடுகிறவன் வாகனத்தை ஏற்றிவிடுகிறான். அமெரிக்காவில் 1996க்குப் பிறகு இப்படி இருபதுக்கும் மேற்பட்ட பொலிசார் இறந்திருக்கிறார்கள். டல்லாஸ் நகரப் பொலிஸ் இதற்காகவே 2012இல் முள்பட்டி வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

ஓடுகிறவன் யார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். என் கடைக்கு வருகிற டிப்பர் பொடியன்களில் முக்கால்வாசிப் பேர் லோட்டுக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவர்கள். மண் அனுமதிப் பத்திரம் முதலாளியின் தலையிடி. பிடிபட்டால் மறியல் பொடியனுக்கு. அதனால்தான் மிதிக்கிறான். மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவனிடம் ஹெல்மெட் இருக்காது, லைசன் இருக்காது, வீட்டில் அப்பாவிடம் கேட்டிருக்கவும் மாட்டான். மணல் களவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆற்றங்கரையைத் தோண்டித் தின்கிறவர்கள் பிடிபடத்தான் வேண்டும். ஆனால் இவர்களில் யாரும் குண்டோடு ஓடுகிறவர்களில்லை.

யுத்த காலத்து சென்றிகளை யாரும் அன்போடு நினைக்கப் போவதில்லை. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போன பிறகு இந்த வீதியில் எத்தனை இடத்தில் இறங்கி நடந்திருக்கிறோம். என்றாலும் சென்றியில் நின்ற படையினருக்கு ஒரு விடயம் தெரிந்திருந்தது. மண் நிரப்பிய பரல்களைப் பாம்பு போல வளைத்து வைப்பார்கள். லொறியாக இருந்தாலும் அதற்குள் ஆள் நடக்கிற வேகத்தில்தான் வர முடியும். அந்த வேகத்தில் முள் ஏறினாலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது; டிப்பர் கொஞ்சத் தூரத்திலேயே சப்பென்று உட்காரும். இன்று பல இடங்களில் நடப்பது, நேரான வீதியின் இருட்டில் திடீரென்று ஒரு டோர்ச் வெளிச்சம், ஒரு கை. பொலிசா கள்வனா என்று தெரிவதற்குள் தாண்டிவிடுகிறவர்களும் உண்டு. பரலும் பிரதிபலிப்புப் பலகையும் நல்ல லைட்டும் வைக்கப் பெரிய செலவு இல்லை.

பொலிஸ் திணைக்களத்துக்கு ஒரு டயர்க்காரனின் வேண்டுகோள் இது. டிப்பருக்கும் வானுக்கும் முள்பட்டி வாங்குங்கள், துளையுள்ள முள்ளாக வாங்குங்கள். தச்சனிடம் பலகையில் ஆணி அடிப்பித்து வீதியில் போடாதீர்கள். பயிற்சி இல்லாத கையில் கொடுக்காதீர்கள். முதலில் பரலை வைத்து வேகத்தைக் குறையுங்கள். மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவனை விட்டுவிடுங்கள். இலக்கத்தகட்டை எழுதிக்கொண்டு காலையில் வீட்டுக்குப் போங்கள். வாகரையில் எந்த மோட்டார் சைக்கிள் யாருடையது என்று என்னிடம் கேட்டாலே சொல்லுவேன்.