ஒரு டாலர் சொட்டு மருந்தும் ஒரு சட்டப் பிரிவும்

புது தில்லி: 1980-களின் நடுப்பகுதியில், தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் (எய்ம்ஸ்) பிறந்த சில குழந்தைகளின் உடலில் ரோட்டா வைரஸ் இருந்தது, ஆனால் வயிற்றுப்போக்கு ஏற்படவில்லை. தீங்கு செய்யாத இந்த வைரஸ் வகையே தடுப்பு மருந்தாகலாம் என்று கருதியது மருத்துவர் மகராஜ் கிஷன் பான் தலைமையிலான குழு.

அக்கருத்து மருந்தாக மாறுவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆயின. மத்திய உயிரி தொழில்நுட்பத் துறையும், அமெரிக்க ஆய்வாளர்களும், ஹைதராபாதின் பாரத் பயோடெக் நிறுவனமும் கைகோத்தன. தில்லி, புணே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் 56 சதவீதம் அது தடுத்தது. தவணைக்கு ஒரு டாலர் என்ற விலை உறுதியுடன், 2015 மார்ச்சில் "ரோட்டாவாக்' அறிமுகமானது. 2016 முதல் அரசின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

உடலே பகையானால்...

இது உள்நாட்டில் பிறந்த கண்டுபிடிப்பு. வெளிநாட்டில் பிறந்தவற்றின் கதை வேறு.

"மெம்பிரேனஸ் நெப்ரோபதி' என்ற சிறுநீரக நோயில், உடலின் எதிர்ப்பொருள்களே சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்குகின்றன. புரதம் சிறுநீரில் வெளியேறுகிறது, கால்கள் வீங்குகின்றன, சிலருக்குச் சிறுநீரகமே செயலிழக்கிறது. நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேரிடம் அந்த எதிர்ப்பொருள்கள் குறிவைப்பது "பிஎல்ஏ2ஆர்' என்ற புரதத்தையே என்பதை 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ரத்தப் பரிசோதனையிலேயே நோயை அறிய அது வழிவகுத்தது.

இதற்கான மருந்தும் ஓர் எதிர்ப்பொருள்தான். ரத்தப் புற்றுநோய்க்காக 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற "ரிடுக்சிமாப்', எதிர்ப்பொருள்கள் உருவாகக் காரணமான பி-செல்களை அழிக்கிறது. 2019-ல் வெளியான ஆய்வின்படி, இம்மருந்து பெற்றவர்களில் 60 சதவீதம் பேருக்கு 2 ஆண்டு முடிவில் நோய் தணிந்திருந்தது. சைக்ளோஸ்போரின் பெற்றவர்களிடையே இது 20 சதவீதம் மட்டுமே.

விலை உயர்ந்த இம்மருந்தின் இந்திய வடிவத்தை 2007-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ஏறத்தாழ பாதி விலைக்குக் கொண்டு வந்தது. 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம், மருந்துக்கு அல்லாமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உரிமை அளித்ததே இதற்கு அடிப்படை.

அவையில் பிறந்த கவசம்

உலக வர்த்தக அமைப்பின் நிபந்தனையால் அந்த நிலை 2005-ல் மாறியது. மருந்துக்கே 20 ஆண்டு உரிமை வழங்கும் மசோதா, அவ்வாண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆட்சியை வெளியிலிருந்து ஆதரித்த இடதுசாரிகளின் நெருக்குதலால் சில திருத்தங்கள் ஏற்கப்பட்டன. 3(டி) பிரிவு அவ்வாறே வலுப்பெற்றது. அறிந்த மருந்துக்குப் புதிய பயன் கண்டுவிட்டதால் மட்டும் காப்புரிமை கிடையாது என்கிறது அப்பிரிவு. புற்றுநோய் மருந்து சிறுநீரகத்துக்கும் உதவுகிறது என்று சொல்லி இங்கு புதிதாக உரிமை கோர இயலாது. 2013-ல் நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை நிலைநிறுத்தியது.

எனினும், முற்றிலும் புதிய மருந்துகளுக்கு இக்கவசம் பொருந்தாது. கரோனா காலத்தில், 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் கோரிய காப்புரிமை விலக்கு, 2022 ஜூனில் தடுப்பூசிகளுக்கு மட்டுமே, அதுவும் வரம்புகளுடன் கிடைத்தது.

ஆக, எஞ்சும் வழி சொந்த ஆராய்ச்சியே. ஆனால் 2020-21-ல் ஆராய்ச்சிக்கு நாடு செலவிட்டது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. 3(டி) பிரிவுக்காகப் போராடிய அவைகள், இந்த எண்ணுக்காகவும் குரல் எழுப்ப வேண்டும்.