பெட்டிக்கடை வாசலில் பொடியன்கள்! பெற்றோரே, உஷார்!

வீடும் தெருவும் கைகோர்த்தால் போதை வாலாட்டாது

சென்னை,

சாயந்திரம் 4½ மணி. பள்ளிக்கூட மணி அடித்தாயிற்று. நாலு பையன்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் மூலையில் உள்ள பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்குகிறார்கள்.

"அண்ணே, ஒண்ணு குடுங்க. அப்பாவுக்கு!"

அந்த "ஒண்ணு" அப்பாவுக்கு இல்லை என்பது கடைக்காரருக்கும் தெரியும். கொடுத்தால் சில்லறை லாபம். கொடுக்காவிட்டால் பையன் அடுத்த கடைக்குப் போவான். சென்னையில் எத்தனையோ தெருமுனைகளில் தினமும் நடக்கிற நாடகம் இது.

இன்றைக்கு சிகரெட். நாளைக்கு "கூல் லிப்" பொட்டலம். அப்புறம் கஞ்சா, வலி மாத்திரை, பஞ்சர் சொல்யூஷன்! எல்லாப் பையனும் கடைசிவரை போய்விடுவதில்லை. ஆனால் போனவர்களில் பலர் புறப்பட்ட இடம் இந்தத் தெருமுனைதான்.

7 வருஷம் உள்ளே!

18 வயது ஆகாதவர்களுக்கு புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. பள்ளி, கல்லூரியில் இருந்து 100 கெஜ தூரத்துக்குள் யாருக்குமே விற்கக்கூடாது. இது 2003-ம் ஆண்டு சட்டம். இதை மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். "இவ்வளவுதானா?" என்று சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள்.

ஆனால் 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் அப்படி விடாது. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மதுவோ, புகையிலையோ, போதைப் பொருளோ கொடுத்தால் 7 வருஷம் வரை கடுங்காவல்! 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்! "அப்பாவுக்குன்னு சொன்னான் சார்" என்று நம்பிக் கொடுக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஐஸ்லாந்தில் ரோந்து போன பெற்றோர்

போலீசும் சட்டமும் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஐஸ்லாந்து நாடே சாட்சி.

அங்கே 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100-க்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்துக்குள் போதை ஏறக் குடித்ததாகச் சொன்னார்கள். நாடே ஆடிப்போயிற்று. 2016-ல் அந்த 42, வெறும் 5 ஆகக் குறைந்தது! தினமும் சிகரெட் பிடித்தவர்கள் 23-ல் இருந்து 3 ஆனார்கள். கஞ்சாவை ருசி பார்த்தவர்கள் 17-ல் இருந்து 7 ஆனார்கள்.

என்ன மந்திரம் போட்டார்கள்? மந்திரம் ஒன்றும் இல்லை. ராத்திரி குறிப்பிட்ட மணிக்கு மேல் பிள்ளைகள் தெருவில் சுற்றக்கூடாது என்ற சட்டத்தைக் கண்டிப்பாக்கினார்கள். பெற்றோர்கள் கூடி "நம்ம பிள்ளைகளை இப்படித்தான் வளர்ப்போம்" என்று ஒப்பந்தம் போட்டார்கள். வார இறுதியில் அப்பா, அம்மாக்களே கூட்டமாகத் தெருவில் நடந்து பார்த்தார்கள். விளையாட்டு, பாட்டு, நடனம் கற்றுக்கொள்ள நகராட்சி பணம் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வார நாட்களில் பெற்றோர் பிள்ளைகளுடன் கூடுதல் நேரம் இருந்தார்கள்.

நம் ஊரிலும் இது முடியாத காரியமா? சாயந்திரம் மாநகராட்சி மைதானத்தில் பந்து உருட்டும் பையன், அந்த நேரத்தில் மூலைக்கடைக்கு வரமாட்டான். பந்து வாங்கிக் கொடுக்கத் தெரு சங்கம் போதும்.

அடையாறில் பிறந்த கதை

சென்னைக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணி, குடிநோயால் கணவரைப் பறிகொடுத்தார். அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. கணவர் பெயரிலேயே 1980-ல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதில் வளர்ந்ததுதான். அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அங்கே நோயாளிக்கு மட்டும் சிகிச்சை இல்லை. மனைவிக்கும், அம்மாவுக்கும், அப்பாவுக்கும் தனி வகுப்பு! வீடு மாறாமல் ஆள் மாறமாட்டான் என்பது அங்கே பாலபாடம். திருவாரூர் பக்கம் மஞ்சக்குடி கிராமத்திலும் முகாம் நடத்தினார்கள். ஊரே முன்னின்று இடம் கொடுத்தது. குடியை விட்டவரை கேலி பேசாமல் தாங்கிப் பிடித்தது.

அடித்தால் திருந்துமா?

விஷயம் தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் கிளம்புவது பெல்ட்! "நம்ம பையன் அப்படி இல்லே, சேர்க்கைதான் சரியில்லே" என்பது இன்னொரு ரகம். இரண்டுமே உதவாது. அடி வாங்கிய பையன் போதையை விடமாட்டான், வீட்டைத்தான் விடுவான்.

பழைய நண்பர்கள் திடீரென்று மாறுகிறார்களா? பையில் வைத்த பணம் குறைகிறதா? கண் சிவந்து, படிப்பும் தூக்கமும் கெடுகிறதா? கைக்குட்டையில் சொல்யூஷன் நெடி அடிக்கிறதா? கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும். ராத்திரி ஒரு வேளையாவது சேர்ந்து சாப்பிடுகிற வீட்டில் இந்தப் பேச்சு சுலபமாக வரும். "எனக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வாடா" என்று மகனைக் கடைக்கு விரட்டும் அப்பா, முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கேஸ் பயம் வேண்டாம்

"வெளியே சொன்னா போலீஸ் கேஸ் ஆயிடுமே, தங்கச்சி கல்யாணம் நின்னுடுமே" என்று மூடி மறைத்தே பிள்ளையைப் பறிகொடுக்கும் குடும்பங்கள் உண்டு. போதைப்பொருள் சட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், சொந்த உபயோகம் அல்லது சிறிய அளவு தொடர்பான வழக்கில் சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ முழு சிகிச்சை பெற்றால் வழக்கில் இருந்து விலக்கு பெறலாம்.

யோசனை கேட்க 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். போதைப் பொருள் விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 10581.

மறுபடியும் அந்தப் பெட்டிக்கடை. "அப்பாவுக்கா? அப்பாவையே வரச்சொல்லு தம்பி" என்று கடைக்காரர் சொன்னால் போதும். நஷ்டம் சில்லறைதான். ஆனால் அந்த வார்த்தையைத் தெருவில் உள்ள அத்தனை கடைக்காரர்களும் சொல்லவேண்டும்!