குடும்பத்தோடு கியூபெக்: ஒரு வியாபாரியின் பயணக் கணக்கு

நம்மவர்கள் கடல் கடந்து போவது பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்கு. ஒன்று ஹஜ், உம்ரா. மற்றது சரக்கு எடுக்க. குவாங்சோ, பாங்கொக், துபாய், சென்னை என்று பாஸ்போட் முழுக்க முத்திரை இருக்கும். மனைவி, மக்களை அழைத்துக்கொண்டு ஓர் ஊரைப் பார்க்கவென்றே எப்போதாவது போனீர்களா என்று கேட்டுப் பாருங்கள். நுவரெலியாவைத் தாண்டிப் பதில் வராது. கடையை யாரிடம் விடுவது என்பது ஒரு காரணம். எவ்வளவு முடியும் என்று தெரியாமல் பயப்படுவது மற்றக் காரணம். இந்த வாரம் அந்த இரண்டாவது காரணத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். 2025 ஜூன் மாதம் நாங்கள் கனடாவின் கியூபெக் நகருக்குப் போய் வந்ததிலிருந்து பலரும் என்னிடம் கணக்குக் கேட்கிறார்கள்.

முதலில், ஏன் அந்த ஊர்? என் தங்கை டொரொண்டோவில் குடியிருக்கிறாள். உம்மா அவளைக் கண்டு ஒன்பது வருடமாகிவிட்டது. 2019இல் போக நினைத்தோம், உயிர்த்த ஞாயிறு சம்பவத்துக்குப் பின்னர் நாட்டிலும் கடையிலும் இருந்த நிலைமை வாசகர்களுக்குத் தெரியும். 2020இல் கொரோனா. 2022இல் ரூபா விழுந்த விழுகையில் டொலரைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்படித் தள்ளித் தள்ளிப் போனதில் உம்மாவுக்கு எழுபத்து நான்கு வயதாகி, முழங்கால் வலியும் வந்துவிட்டது. இனியும் தள்ளினால் போவதற்கு உம்மாவால் முடியாது என்று மனைவிதான் சொன்னாள்.

மகள் கொழும்பில் பிரெஞ்சு படித்தவள். அவளுக்குப் பாரிஸ் பார்க்கும் ஆசை. தங்கையையும் பார்த்து, பாரிஸும் போவதென்றால் இரண்டு கண்டம், இரண்டு வீசா. "அப்படியென்றால் கியூபெக் போவோம் வாப்பா, அங்கேயும் பிரெஞ்சுதான்" என்றாள். தேடிப் பார்த்தேன். 1608இல் ஷாம்ப்ளேன் என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்த நகரம். மெக்ஸிகோவுக்கு வடக்கே, சுற்றுமதில் இன்னும் அழியாமல் நிற்கும் நகரம் இது ஒன்றுதான். மதிலின் நீளம் ஏறத்தாழ 4.6 கிலோமீற்றர். 1985இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள். நமது காலிக் கோட்டைக்கு மூன்று வருடம் முந்தி. காலிக் கோட்டையில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு அந்த ஒரு தகவலே போதுமாக இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கொள்கலன் சரக்கு இறக்கும்போது நாம் தொழிற்சாலை விலையை மட்டும் பார்ப்பதில்லை. கப்பல் கூலி, காப்புறுதி, தீர்வை, துறைமுகக் கட்டணம், லொறிக் கூலி எல்லாம் சேர்த்து, கடை வாசலுக்கு வரும்போது என்ன விலை என்றுதான் பார்க்கிறோம். பயணத்துக்கு மட்டும் விமானச் சீட்டு விலையைக் கேட்டுவிட்டு "சரி" என்கிறோம். நான் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்து, சரக்குக்குப் போடுவதுபோலவே போட்டேன்.

வீசாவுக்கு ஆளுக்கு 100 கனேடிய டொலர். கைரேகை, படம் எடுக்க இன்னும் 85. குடும்பமாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். நிராகரித்தாலும் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. ஆகவே இதை முதலீடு போட்ட காசாக நினைத்து, ஆவணங்களைச் சரியாகத் தயாரிக்க வேண்டும். நமது வியாபாரிகள் பலருக்குச் சிக்கல் வருவது இங்கேதான். மாதம் இலட்சக்கணக்கில் லாச்சியில் ஓடும், வங்கிக் கணக்கில் ஒன்றும் இராது. லாச்சியில் ஓடும் காசை வீசா அதிகாரி எப்படிக் காண்பார்? வியாபாரப் பதிவு, வருமான வரி அறிக்கை, வங்கிக் கூற்று ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். திரும்பி வருவதற்கு இங்கே கடையும் காணியும் பொறுப்பும் இருக்கின்றன என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இது ஒரு மாத வேலை அல்ல. போக நினைக்கும் வருடத்துக்கு முந்திய வருடமே வங்கியில் ஒழுங்காகப் போட்டு எடுத்து வருவது நல்லது. தங்கையின் அழைப்புக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். வீசா கையில் வரும்வரை விமானச் சீட்டு வாங்கவில்லை. தங்குமிடத்தை மட்டும், இரத்துச் செய்தால் காசு திரும்பும் முறையில் பதிவு செய்து வைத்தேன்.

அடுத்தது வரி. நமது ஊரில் கடையில் ஒட்டியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. கியூபெக்கில் அப்படியில்லை. மத்திய அரசின் வரி 5 வீதம், மாகாண வரி 9.975 வீதம், இரண்டும் காசு கட்டும் இடத்தில்தான் ஏறும். 100 டொலர் சாமானுக்கு 115 டொலர் எடுத்து வைக்க வேண்டும். சாதாரண மளிகைச் சாமானுக்கு இந்த வரி இல்லை. தங்குமிடத்துக்கு மேலும் 3.5 வீதம் உண்டு. 200 டொலர் என்று போட்டிருக்கும் அறை, கணக்குத் தீர்க்கும்போது 237, 238 டொலர் ஆகிவிடும். உணவகத்தில் மேசைக்குப் பரிமாறினால் 15 வீதம் அளவில் சந்தோஷம் வைப்பது அங்கே வழக்கம், அதற்கும் ஒதுக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் முன்பு இருந்தது. 2007இல் அதை நிறுத்திவிட்டார்கள். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கனேடிய டொலர் 200 ரூபாவுக்கு மேல் விற்கும் காலத்தில் இந்த ஐந்து வீதம், பத்து வீதமெல்லாம் சின்ன விஷயமல்ல.

காலத்தைத் தேர்ந்ததிலும் கொஞ்சம் மிச்சம் கிடைத்தது. குளிர்காலம் நமக்குச் சரிவராது. ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகைக்கும் குறைவாகப் போகும். அந்தக் குளிருக்கென்றே திருவிழா நடத்தி 1955 முதல் ஆட்களை வரவழைக்கிறார்கள், அது அவர்களுடைய கெட்டித்தனம். ஜூன் கடைசியில் அங்கே பாடசாலை விடுமுறை தொடங்கும். ஜூன் 24 மாகாணத்தின் தேசிய தினம், கடைகள் பெரும்பாலும் பூட்டு. அதன் பிறகு அறை விலை ஏறும். 2025இல் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7ஆம் திகதி வந்தது. பெருநாள் வியாபாரத்தை முடித்து, கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டு, 24க்கு முன் கியூபெக்கை விட்டு வெளியேறினோம். அந்த மாதத்தில் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் ஆகிவிடும். இஷாவுக்குப் பத்தரை தாண்டும். சுபஹுக்கு எழும்புவதுதான் பிள்ளைகளுக்குச் சோதனை.

டொரொண்டோவிலிருந்து கியூபெக்குக்குத் தெருவழி ஏறத்தாழ 800 கிலோமீற்றர். மச்சான் வேன் எடுப்போம் என்றார். உம்மாவை எட்டு ஒன்பது மணி நேரம் வேனில் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களில் வேனை நிறுத்துவதும் கஷ்டம், கட்டணமும் கூட. ரயிலில் போனோம். மொன்ட்ரியலில் ஓர் இரவு தங்கி, மறுநாள் மூன்றரை மணி நேர ஓட்டம். முந்திப் பதிவு செய்தால் சீட்டு மலிவு. கியூபெக்கின் ரயில் நிலையம் 1915இல் கட்டியது, கோட்டை வீடு மாதிரி இருக்கும். இறங்கினால் பழைய நகரம் பக்கத்திலேயே.

அந்த நகரைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் முதலில் சொல்லமாட்டார்கள். அது ஒரு செங்குத்தான பாறையின் மேலும் கீழுமாகக் கட்டிய ஊர். மேல் நகரம், கீழ் நகரம் என்று இரண்டு. நடுவே படிக்கட்டுகள். அதில் ஒன்றுக்குக் "கழுத்தை முறிக்கும் படி" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உம்மாவின் முழங்காலை வைத்துக்கொண்டு பார்த்தால், முழுத் திட்டமுமே இந்த ஏற்ற இறக்கத்தில்தான் நிற்கிறது. பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்கள் பார்க்க அழகு, பலவற்றில் லிஃப்ட் இல்லை. எனவே லிஃப்டும் குசினியும் உள்ள வாடகை வீடு ஒன்றை மேல் நகரில் தேடினோம். அந்த மாகாணத்தில் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பதிவு இலக்கம் கட்டாயம், விளம்பரத்திலேயே அது இருக்க வேண்டும். இலக்கம் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் தொடவேண்டாம்.

மேலுக்கும் கீழுக்கும் போய்வர 1879இல் தொடங்கிய சாய்வு ரயில் ஒன்று இருக்கிறது. சில டொலர்தான், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு ஓர் ஏற்றம், ஓர் இறக்கம் என்று கணக்கு வைத்தோம். ஐந்து நாளில் ஐந்து ஊர் பார்க்கும் சுற்றுலாப் பொதிகள் இருக்கின்றன. நாங்கள் ஐந்து நாளும் இந்த ஓர் ஊரிலேயே இருந்தோம். ஊர் மாறும்போதுதான் காசு கரையும்.

மேல் நகரில் ஷாத்தோ ஃப்ரொன்ட்னாக் என்ற பெரிய ஹோட்டல். 1893இல் திறந்தது. 1943இலும் 1944இலும் சேர்ச்சிலும் ரூஸ்வெல்ட்டும் போர் ஆலோசனை நடத்திய மாநாடுகள் கூடிய இடம். அதைக் கட்டியது ஒரு ரயில் கம்பனி. ரயில் சீட்டு விற்க வேண்டுமானால், போய் இறங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அந்த மூளையைப் பாருங்கள். அங்கே தங்கினால் நம் கணக்கு கவிழ்ந்துவிடும். ஆனால் அதன் முன்னாலுள்ள பலகை மேடையில் நடக்கவும், பெஞ்சில் உட்கார்ந்து சென்ட் லோரன்ஸ் ஆற்றைப் பார்க்கவும் காசு இல்லை. அப்படியே நடந்தால் ஆபிரகாம் சமவெளி. 1759 செப்டெம்பர் 13ஆம் திகதி பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய களம். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத அந்தச் சண்டையில் இரு தரப்புத் தளபதிகளும் மாண்டார்கள், நகரம் கைமாறியது. இன்று அது பெரிய பூங்கா. அந்தப் புல்லில்தான் நாங்கள் ளுஹரையும் அஸரையும் தொழுதோம்.

எனக்குப் பிடித்தது கீழ் நகரிலுள்ள பெத்தி ஷாம்ப்ளேன் தெரு. புறக்கோட்டையில் முப்பது வருடம் வாடகைக் கடையில் இருப்பவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு காலத்தில் துறைமுகத்தை ஒட்டிய வியாபாரப் பகுதி அது. பின்னர் வியாபாரம் விலகி, வீடுகள் பாழடைந்து, ஏழைகளின் சேரியாகிவிட்டது. 1970களில் ஒரு வியாபாரியும் ஒரு கட்டடக் கலைஞரும் சேர்ந்து அந்த வீடுகளை வாங்கித் திருத்தினார்கள். 1985இல் அங்கே கடை வைத்திருந்தவர்களும் கைவினைஞர்களும் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கட்டடங்களைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அதாவது கடைக்காரருக்கு வீட்டுக்காரர், கடைக்காரர்களின் சங்கம்தான். தெரு பிரபலமாகப் பிரபலமாக வாடகை ஏறி, தெருவை உருவாக்கியவனையே துரத்துவதுதான் உலக வழக்கம். கீ மணி கொடுத்து, பத்து வருடம் உழைத்துப் பெயரெடுத்த பின் "கடையைக் கொடு" என்று கேட்கப்பட்டவர்கள் நம்மிலும் இல்லையா? நமது வர்த்தக சங்கங்கள் கூட்டம் கூடி மாலை போடுவதோடு நிறுத்தாமல் இப்படி ஒன்றை யோசிக்கலாம். மகன் அந்தத் தெருவில் நின்று கடைகளை எண்ணிக்கொண்டிருந்தான். பொருளை விட்டுக் கடையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டானே என்று எனக்குச் சந்தோஷம்.

மொழி விஷயத்தில் அவர்கள் இறுக்கம். 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து பெயர்ப்பலகையில் பிரெஞ்சு. 2025 ஜூன் முதல், வெளியே தெரியும் பலகையில் வேறு மொழி இருந்தால் பிரெஞ்சு அதைப்போல் இரண்டு மடங்கு இடம் பிடிக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டிலேயே வீதிப் பலகையில் "ஸ்டொப்" என்று எழுதுகிறார்கள், இங்கே "அரே". ஆனால் கடைக்குள் போய் "பொன்ஜூர்" என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் பேசினால் சிரித்த முகத்தோடு பதில் வருகிறது. மகளின் பிரெஞ்சுக்கு ஒரு கடையில் விலையும் குறைத்தார்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. அந்த ஊர்ப் பாரம்பரிய உணவில் பன்றி இறைச்சி அதிகம். பயற்றஞ் சூப்பிலும் அவித்த போஞ்சியிலும்கூடச் சேர்ப்பார்கள். பூட்டீன் என்ற உருளைக்கிழங்குப் பொரியலின் மேல் ஊற்றும் குழம்பு இறைச்சிச் சாறாக இருக்கலாம். கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் குசினி இருந்ததால் காலையும் இரவும் நாமே சமைத்தோம். ஹலால் இறைச்சிக்கு நகரின் சென்ட்-ஃபுவா பக்கம் போனோம். அங்கே வட ஆபிரிக்க முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள்.

அந்தப் பகுதியிலுள்ள பள்ளிவாசலைப் பற்றி நினைத்துத்தான் என் மனைவி புறப்படுமுன் தயங்கினாள். 2017 ஜனவரி 29ஆம் திகதி இஷாத் தொழுகை முடிந்த நேரத்தில் ஒருவன் உள்ளே வந்து சுட்டதில் ஆறு பேர் ஷஹீதானார்கள். அவர்களில் ஒருவர் ஹலால் மளிகைக் கடைக்காரர். புதிதாக வரும் குடும்பங்களுக்கு அவருடைய கடைதான் முதல் விலாசம். சுடுபவனைத் தடுக்கப் பாய்ந்தவரும் அவரே. 2021இலிருந்து கனடா அந்த நாளைத் தேசிய நினைவு தினமாக அனுஷ்டிக்கிறது. உடையைப் பற்றியும் மனைவி கேட்டாள். 2019இல் அந்த மாகாணம் கொண்டுவந்த 21ஆம் இலக்கச் சட்டம் ஆசிரியர், பொலிஸ் போன்ற அரச பதவியிலுள்ளோர் வேலையில் மத அடையாளம் அணிவதைத் தடுக்கிறது. அங்கே வாழும் நம் சகோதரிகளுக்கு அது பெரிய பாதிப்பு. பயணியை அது கட்டுப்படுத்தாது. மனைவியும் உம்மாவும் அபாயாவோடுதான் ஊர் முழுக்கச் சுற்றினார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பள்ளியில் ஜும்ஆ தொழுதேன். பக்கத்திலிருந்தவர் ஸலாம் சொல்லி, எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். கடை வைத்திருப்பவன் என்றதும் அந்த மளிகைக்காரரின் பேச்சுத்தான் வந்தது. எட்டு வருடத்துக்குப் பிறகும் அவரிடம் கடன் வைத்திருந்தவர்களைவிட, அவர் கேட்காமல் விட்ட கடனைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகமாம்.

மொன்மொரென்சி நீர்வீழ்ச்சி நகரிலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் அளவு. 83 மீற்றர் உயரம், நயாகராவைவிட 30 மீற்றர் அதிகம். பிள்ளைகள் 487 படிகளில் ஏறினார்கள், நாங்கள் கேபிள் கார்.

கடைசி நாளுக்கு ஒன்றும் வைக்கவில்லை. ஆற்றைக் கடந்து எதிர்க்கரை லெவிக்குப் போகும் படகு ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஒருவருக்கு ஐந்து டொலரும் இல்லை. மதில், பாறை, ஹோட்டல் எல்லாம் சேர்ந்த முழு நகரமும் அந்தப் படகிலிருந்துதான் ஒரே பார்வையில் தெரிகிறது. ஏற்றமும் இல்லை, படியும் இல்லை. உம்மாவும் தங்கையும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார்கள். அக்கரை போய், இறங்கி, திரும்பவும் சீட்டு எடுத்து வந்தோம். "இன்னொரு தடவை போவோமா?" என்று உம்மா கேட்டார். மூன்று தடவை போனோம்.