கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் விமானம் என்ன ஆகும்?

வேங்கிக்கால் மொட்டை மாடியிலிருந்து விமானம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வழி சொல்பவர் தரையில் கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளர். அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால்?

2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டில்லியில் அப்படித்தான் ஆனது. எந்த விமானம், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு என்ற தகவல்களைத் தானாகவே அனுப்பும் ஏ.எம்.எஸ்.எஸ். சிஸ்டத்தில் கோளாறு. கட்டுப்பாட்டாளர்களே ஒவ்வொன்றையும் கையால் பதிய வேண்டியதாயிற்று. 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில்தான் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று, கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறையையும் வேலைப் பளுவையும் சுட்டிக்காட்டியிருந்தது.

சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்த சிஸ்டமும் ஒருநாள் நிற்கும். நம் பைல்களுக்கு பென் டிரைவில் பேக்கப் வைக்கிறோம். விமானங்களுக்கு பேக்கப் மனிதர்கள்தான். அவர்கள் போதிய எண்ணிக்கையில், களைப்பின்றி இருக்க வேண்டும்.