சோலார் தகடு வாங்குமுன் வோல்ட் பாருங்கள்

மின்சாரம் நின்றால் இன்று வியாபாரமும் நிற்கிறது. எலக்ட்ரானிக் தராசும் பில் மெஷினும் மின்சாரத்தை நம்பியே உள்ளன. ஆகவே பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டியில் அடங்கிய போர்ட்டபிள் பவர் ஸ்டேஷனை நம் வணிகர்கள் சிலர் வாங்கி வருகிறார்கள். அதை வெயிலில் சார்ஜ் செய்யும் சோலார் தகட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். நாலு எல்.இ.டி. விளக்கு, குறைந்த வாட்டில் ஓடும் ஒரு மின்விசிறி, தராசு, பில் மெஷின் எல்லாம் சேர்ந்து சுமார் 100 வாட். 4 மணி நேரத்துக்கு 400 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 500 வாட்-மணிப் பெட்டி வேண்டும். ஐஸ்கிரீம் பிரீசரை இதில் ஓட்ட நினைக்கக் கூடாது.

மூட்டையில் அச்சிட்ட எடையை மட்டும் நம்பி நாம் சரக்கு எடுப்பதில்லை. தகட்டில் அச்சிட்ட வாட், தகடு 25 டிகிரி சூட்டில் இருக்கையில் பரிசோதனைக் கூடத்தில் அளந்தது. நம் வெயிலில் தகடு வெகுவாகச் சூடேறும். 100 வாட் தகடு 70 வாட் தந்தால் திருப்தி. முழு வெயில் 5 மணி நேரம் என்று கொண்டால் 350 வாட்-மணி கிடைக்கும். மேகமூட்டத்தையும் எண்ணி, நம் பெட்டிக்கு 200 வாட் தகடு வாங்குவதே சரி.

வாட்டைவிட முக்கியம் வோல்ட். தகட்டின் பின்புறம் ‘ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ்’ அச்சிட்டிருக்கும். அது பெட்டி தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் பெட்டி வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால் பெட்டியே போய்விடும். சிறிய பெட்டிகள் பல 30 வோல்ட்டுக்குள்தான் தாங்கும். வீட்டு மாடிக்கான பெரிய தகடுகளோ 40 வோல்ட்டையும் தாண்டும். விலை மலிவு என்று அதை வாங்கிச் சொருகினால் முதலுக்கே மோசம், உத்தரவாதமும் செல்லாது. இரண்டு சிறு தகடுகளைத் தொடராக இணைத்தாலும் வோல்ட் இரட்டிக்கும். பக்க இணைப்பில் ஆம்பியர்தான் கூடும். குளிரில் வோல்ட் ஏறுமாதலால் மலைப்பகுதி வணிகர்கள் இன்னும் இடைவெளி விட வேண்டும்.

மடக்குத் தகடு எடை குறைவு. சந்தைக்கும் திருவிழாக் கடைக்கும் ஏற்றது. நிலையான கடைக்குக் கண்ணாடித் தகடே மலிவு, நீடித்தும் உழைக்கும். விளம்பரப் பலகையின் நிழல் ஓர் ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். தகடு வெயிலில், பெட்டி நிழலில் இருக்கட்டும்.

பெட்டியின் விவரச் சீட்டைக் கையோடு கொண்டுபோய், வோல்ட்டையும் இணைப்பு முனையையும் ஒத்துப் பார்த்து, முறையான பில்லோடு வாங்குவோம்.