அடுத்த வண்டி வரும்

கல்யாண், தாணா பக்கமிருந்து வந்து, குர்லாவில் செம்பூருக்கு வண்டி மாறும் தமிழர்களில் நானும் ஒருவன். நம் பிள்ளைகள் லோக்கல் வண்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இதே பாதையில், மும்ப்ரா அருகே, 2025 ஜூன் 9 காலை, இரண்டு வண்டிகள் வளைவில் எதிரெதிரே கடந்தபோது வாசலில் தொங்கியவர்கள் விழுந்தனர். நால்வர் அன்றே மாண்டனர்.

வளைவில் வண்டி சாயும், இடைவெளி குறையும். முதுகுப்பை அதை மேலும் குறைக்கும். பையை மார்புப் பக்கம் மாட்டுங்கள். உள்ளே இடமில்லையா? அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ரயிலில் அவசர உதவிக்கு 139.

தாமதத்துக்கு ஆபீசில் திட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டாருக்கு நாம் முழுசாகத் திரும்ப வேண்டும்.